காளான் தனி உலகம் கண்ட கதை

மழை விட்ட மறுநாள் வைக்கோல் போரில் முளைக்கும் காளானைச் செடி என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. பச்சையம் கிடையாது. இலை, வேர் கிடையாது. பூப்பதும் காய்ப்பதும் இல்லை. ஆனாலும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தாவரவியல் நூல்கள் அதைத் தங்கள் கணக்கிலேயே வைத்திருந்தன.

அந்தக் கணக்கை எழுதியவர் சுவீடனின் கார்ல் லின்னேயஸ். 1735இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் அச்சான அவருடைய ‘சிஸ்டமா நேச்சுரே’ இயற்கையைக் கனிமம், தாவரம், விலங்கு என மூன்றாகப் பிரித்தது. உயிர்வாழ்ந்து வளர்வது தாவரம். அதோடு உணர்வும் உடையது விலங்கு. காளானிடம் உணர்வைக் காணோம் என்பதால் அது தாவரங்களின் 24 வகுப்புகளில் கடைசி வகுப்புக்குப் போனது.

நுண்ணோக்கிகள் மேம்பட்டதும் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. பச்சையத்தால் உணவு தயாரித்துக்கொண்டே சாட்டையிழையால் நீந்தும் யூக்ளினாவைத் தாவரவியலாரும் விலங்கியலாரும் தத்தம் நூல்களில் சேர்த்துக்கொண்டார்கள். 1866இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெக்கல், இத்தகைய உயிர்களுக்காகத் தாவரம், விலங்கு ஆகியவற்றோடு புரோட்டிஸ்டா என்ற மூன்றாம் உயிருலகை அமைத்தார். 1938இல் அமெரிக்காவின் ஹெர்பர்ட் கோப்லண்ட் பாக்டீரியாவைத் தனியே பிரித்து நான்காக்கினார். பூஞ்சைகளுக்கு அப்போதும் சொந்த இடம் இல்லை.

அவற்றுக்காக வலுவாக வாதாடியவர் ராபர்ட் விட்டேக்கர். கிரேட் ஸ்மோக்கி மலைக்காடுகளை ஆராய்ந்த சூழலியலாளர் அவர். இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. காட்டை ஆராய்பவர் ஓர் உயிரின் உருவத்தைவிட அதன் பிழைப்பைத்தான் கவனிப்பார். மரம் வெயிலைக் கொண்டு உணவு ஆக்குகிறது. விலங்கு இரையை விழுங்குகிறது. பூஞ்சை இரண்டையும் செய்வதில்லை. மட்கும் கட்டைக்குள் மெல்லிய இழைகளைப் பரப்பி, நொதிகளைச் சுரந்து, உடலுக்கு வெளியிலேயே உணவைச் செரித்து உறிஞ்சிக்கொள்கிறது. அது இல்லாவிட்டால் காட்டில் விழுந்த மரங்கள் மண்ணாவதெப்படி? இத்தனை பெரிய வேலையைத் தனக்கென ஒரு முறையில் செய்யும் கூட்டத்தைச் செடிகளின் ஓரத்தில் ஒதுக்கியது அநியாயம்தான்.

1959இல் விட்டேக்கர் பூஞ்சைக்குத் தனி உலகம் தந்தார். 1969இல் ‘சயின்ஸ்’ இதழில் மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு என்ற ஐந்துலக வகைப்பாட்டை முன்வைத்தார். நம் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் படிப்பது இதைத்தான்.

அவர் பூஞ்சைகளோடு சேர்த்த சளிப்பூஞ்சைகள் பின்னர் விலக்கப்பட்டன. 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு மொனிராவில் பாக்டீரியாவோடு சேர்ந்திருந்த ஆர்க்கியாவைத் தனியே அடையாளம் கண்டதும் அந்த உலகமும் உடைந்தது. பூஞ்சை உலகமோ நிலைத்தது. 1993இல் புரத வரிசைகளை ஒப்பிட்டபோது, பூஞ்சை தாவரத்தைவிட விலங்குக்கே நெருங்கிய உறவு என்பது வலுப்பட்டது. நம் செல்லைப் புண்படுத்தாமல் பூஞ்சையை மட்டும் கொல்லும் மருந்து கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்கு இந்த உறவும் ஒரு காரணம்.

ஆனாலும் பூஞ்சைகளுக்குப் பெயரிடும் விதிகள் இன்றும் தாவரங்களுக்கான சர்வதேச விதிநூலில்தான் இருக்கின்றன. அந்நூலின் தலைப்பில் பூஞ்சையின் பெயரைச் சேர்க்க முடிவானது 2011இல், மெல்போர்ன் மாநாட்டில்.