துணிவும் வெளிப்படையும்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் 'பர்ரேசியா' என்றொரு சொல் உண்டு. 'எல்லாம்', 'பேச்சு' என்னும் இரு சொற்களின் கூட்டு அது. உள்ளத்தில் உள்ளதை ஒளிக்காமல் முழுவதும் சொல்லுதல் என்பது அதன் வேர்ப்பொருள்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஏதென்சு நகரில் இச்சொல் குடிமகனின் பெருமையைக் குறித்தது. யூரிப்பிடீசின் நாடகங்களில் இதனைக் காண்கிறோம். ஆயினும் மக்கள் மன்றத்தில் எழுந்து பேசும் உரிமை குடியுரிமை பெற்ற ஆண்களுக்கே இருந்தது. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அயலாருக்கும் அது இல்லை. அந்நகரமே கி.மு. 399இல் சாக்ரடீசுக்கு நஞ்சு கொடுத்தது.

திருத்தூதர் பணிகள் நூலில் இச்சொல் எளியோரிடம் வந்து சேர்கிறது. தலைமைச் சங்கத்தின் முன் நிறுத்தப்பட்ட பேதுருவும் யோவானும் கல்வி கற்காதவர்கள். எனினும் அவர்களது பர்ரேசியாவைக் கண்டு தலைவர்கள் வியக்கின்றனர் (4:13). அவர்கள் விடுதலையாகி வந்ததும் நம்பிக்கையாளர் மன்றாடிக் கேட்ட வரமும் இதுவே (4:29). உரோமையில் காவலில் இருந்த பவுல் பர்ரேசியாவோடு போதித்தார் என்றே அந்நூல் நிறைவுறுகிறது (28:31). ஏதென்சில் பிறப்பால் வந்த உரிமை, எருசலேமில் தூய ஆவியார் அருளும் கொடையாயிற்று.

ஆண்டவர் தம் பாடுகளைச் சீடருக்கு அறிவித்ததும் (மாற் 8:32), தலைமைக் குருவின் முன் தம் போதனையைப் பற்றிச் சொன்னதும் (யோவா 18:20) இதே சொல்லால் குறிக்கப்படுகின்றன. இறைவனின் அரியணையை நாம் அணுகிச் செல்லும் உரிமைக்கும் எபிரேயர் திருமுகம் இச்சொல்லையே கையாள்கிறது (4:16).

1995இல் வெளிவந்த நமது பொது மொழிபெயர்ப்பு, இடத்திற்கேற்ப 'வெளிப்படை' என்றும் 'துணிவு' என்றும் இதனைத் தமிழாக்குகிறது. இரண்டும் பொருத்தமே. ஆனால் மூலத்தில் இவை ஒரே சொல் என்பதை நாம் மறத்தலாகாது. இறைவன் முன் ஒளிவுமறைவின்றி நிற்பவரே மனிதர் முன் அஞ்சாமல் நிற்க முடியும். 

2014 அக்டோபரில் குடும்பம் குறித்த ஆயர் மாமன்றத்தைத் தொடங்கிவைத்த திருத்தந்தை பிரான்சிசு, பர்ரேசியாவோடு பேசுமாறும் தாழ்ச்சியோடு செவிமடுக்குமாறும் ஆயர்களைக் கேட்டுக்கொண்டார். பேசுவோருக்குத் துணிவு வேண்டுமெனில், கேட்போருக்குத் தாழ்ச்சி வேண்டும்.

பங்குப் பேரவையில் எளிய ஒருவர் எழுந்து கணக்குக் கேட்கும்போது, அவரை அடக்கமற்றவர் என்று நாம் எண்ணுகிறோமா? திருத்தூதர்களின் துணிவைக் கண்டு வியந்த தலைமைச் சங்கம், அடுத்து அவர்களைப் பேசக் கூடாதெனத் தடுத்தது. அந்தக் காட்சியை வாசிக்கும்போதெல்லாம் நம்மைத் திருத்தூதர்களின் பக்கத்திலேயே நிறுத்திப் பார்க்கிறோம். இருக்கையில் அமர்ந்து தீர்ப்பிடுவோர் பக்கமும் ஒருமுறை நம்மைத் தேடிப் பார்ப்போம்.