புராஸ்டேட் புற்றுநோய்: 39 நாள் கதிர்வீச்சு 5 நாளாகக் குறையுமா? ‘படம் பார்த்து’ தரும் சிகிச்சை பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

அரியலூர் மாவட்டம் ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலை இருக்கிறது, சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் இருக்கின்றன. ஆனால் ஊரில் ஒருவருக்கு புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்து, ‘ரேடியேஷன் கொடுக்கணும்’ என்று டாக்டர் சொல்லிவிட்டால் திருச்சி, தஞ்சாவூர், இல்லையென்றால் புதுச்சேரி ஜிப்மர் பக்கம்தான் கிளம்ப வேண்டும். அதுவும் ஒரு நாள் வேலை இல்லை. பழைய கணக்குப்படி வாரத்துக்கு 5 நாள் வீதம் ஏழெட்டு வாரம். நோயாளி பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர். துணைக்கு ஒரு ஆள், தங்க ஒரு இடம், அந்த ஆளின் போன கூலி... காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொண்டாலும் இதெல்லாம் கைக்காசுதான். அதனால் ‘எத்தனை நாள்?’ என்ற கேள்வி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சின்னக் கேள்வி கிடையாது.

படம் பார்த்து கதிர்வீச்சு... அப்படின்னா என்ன?

புராஸ்டேட் சுரப்பி ஆண்களுக்கு சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் இருக்கிறது. சிக்கலே அங்கேதான். சிறுநீர்ப்பை நிரம்பினால் சுரப்பி கொஞ்சம் நகரும். மலக்குடலில் வாயு சேர்ந்தாலும் நகரும். நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. சில மில்லிமீட்டர் வித்தியாசம்தான். ஆனால் கதிர் அந்த அளவு தள்ளி விழுந்தால் புற்றுநோய்க்குப் போக வேண்டியது மலக்குடலுக்குப் போய்விடும்.

முன்பெல்லாம் தோலில் மையால் குறி போட்டு, இடுப்பெலும்பை அடையாளமாக வைத்து கதிரைச் செலுத்துவார்கள். சுரப்பி நகர்ந்தாலும் தப்பிவிடக் கூடாது என்பதற்காகச் சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு அடிப்பார்கள். படவழி சிகிச்சையில், ஒவ்வொரு நாளும் மேஜையில் படுக்க வைத்த பிறகு அந்த இயந்திரத்திலேயே சிடி ஸ்கேன் எடுக்கிறார்கள். திட்டமிட்ட படத்தோடு ஒப்பிட்டு, மேஜையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திச் சரிசெய்த பிறகுதான் கதிர். சில இடங்களில் சுரப்பிக்குள் அரிசி மாதிரி சின்ன தங்கத் துகள்களை வைத்து, அதைக் குறியாக வைத்துக்கொள்வதும் உண்டு. ‘சிறுநீர் கழிச்சுட்டு இவ்வளவு தண்ணி குடிச்சுட்டு வாங்க’ என்று தினமும் சொல்வது சம்பிரதாயம் இல்லை. சுரப்பி அதே இடத்தில் நிற்கத்தான் அது.

நாட்கள் எப்படிக் குறைந்தன?

குறி துல்லியமானால் ஒரே தடவையில் அதிக அளவு கொடுக்கலாம், தடவைகளைக் குறைக்கலாம். இது யூகமாக இருந்தால் போதாது என்பதால்தான் மருத்துவ ஆய்வுகள் நடந்தன. பிரிட்டன் தலைமையில் 3,216 பேரிடம் நடந்த ‘சிப்’ ஆய்வின் முடிவு 2016-ல் வந்தது. 37 தடவை வாங்கியவர்களில் 88.3 சதவீதம் பேருக்கு 5 ஆண்டுகளில் நோய் திரும்பவில்லை. 20 தடவை மட்டுமே வாங்கிய பிரிவில் அது 90.6 சதவீதம். அதாவது, கிட்டத்தட்ட பாதி நாளில் குறையாத பலன்.

அடுத்து ‘பேஸ்-பி’. 874 பேர், முடிவு 2024-ல் வெளியானது. 5 தடவை கதிர்வீச்சு ஒரு பிரிவுக்கு, 20 அல்லது 39 தடவை இன்னொரு பிரிவுக்கு. 5 ஆண்டுகளில் நோய் திரும்பாதவர்கள் முறையே 95.8 சதவீதமும் 94.6 சதவீதமும். ஆனால் தலைப்பை மட்டும் படித்துவிட்டு சந்தோஷப்பட வேண்டாம். சிறுநீர்த் தொல்லை 5 தடவைப் பிரிவில்தான் கூடுதல், 26.9 சதவீதம். மற்ற பிரிவில் 18.3. சேர்ந்தவர்களும் ஆரம்ப, நடுத்தர ஆபத்து நிலையில் இருந்தவர்கள்தான்.

படத்தின் துல்லியம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் ‘மிராஜ்’ ஆய்வு ஒரு நல்ல சான்று. 156 பேருக்கும் 5 தடவைதான். பாதிப் பேருக்கு சிடி பார்த்து, சுரப்பியைச் சுற்றி 4 மில்லிமீட்டர் இடம் விட்டு. மீதிப் பேருக்கு எம்ஆர்ஐ பார்த்து, 2 மில்லிமீட்டர் மட்டும் விட்டு. முதல் மாதங்களில் வந்த சிறுநீர்த் தொல்லை 43.4 சதவீதத்தில் இருந்து 24.4 ஆக இறங்கியது.

மும்பையில் நம்மவர்களிடம் நடந்தது என்ன?

இந்தியாவில் பலர் நோய் முற்றிய பிறகுதான் வருகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு சுரப்பிக்கு மட்டும் கதிர் போதுமா, இடுப்புப் பகுதி நிணநீர் முடிச்சுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கணுமா? உலகமே பல வருஷம் வாதாடிய இந்தக் கேள்வியை மும்பை டாடா மெமோரியல் மையம் ‘பாப்-ஆர்டி’ என்ற ஆய்வில் எடுத்துக்கொண்டது. 2011 முதல் 2017 வரை 224 பேர் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் படவழி கதிர்வீச்சு, 25 தடவை, கூடவே ஹார்மோன் சிகிச்சை.

5 ஆண்டுகளில் ரத்தத்தில் பிஎஸ்ஏ அளவு மறுபடி ஏறாமல் இருந்தவர்கள், சுரப்பிக்கு மட்டும் வாங்கிய பிரிவில் 81.2 சதவீதம். நிணநீர் முடிச்சுகளுக்கும் சேர்த்து வாங்கியவர்களில் 95 சதவீதம். பெரிய இடைவெளிதான். இதற்கும் ஒரு விலை உண்டு. பின்னாளில் சிறுநீர்த் தொல்லை 8.9-ல் இருந்து 20 சதவீதமாகக் கூடியது. மொத்த ஆயுளில் அந்த 5 ஆண்டுகளுக்குள் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

முற்றிய நிலைக்கும் 5 தடவை போதுமா என்று பார்க்க அதே மையம் 434 பேரை இலக்காக வைத்து ‘பிரைம்’ என்ற ஆய்வையும் தொடங்கியது. எனவே ‘இங்கிலாந்துல 5 நாள்தானாமே’ என்று டாக்டரிடம் கேட்கும் முன், நம்முடையது எந்த நிலை என்று கேட்பது நல்லது.

ஆய்வில் சேரச் சொன்னால்?

‘நம்மளை வச்சு சோதனை பண்றாங்களா?’ என்ற பயம் நியாயமானதுதான். இந்த மாதிரி ஆய்வுகளில் மாத்திரைக்குப் பதில் சர்க்கரை உருண்டை தருவது கிடையாது. இரண்டு பிரிவுக்கும் உண்மையான சிகிச்சைதான். எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கல் மாதிரி கணினி முடிவு செய்யும், நோயாளியோ டாக்டரோ தேர்ந்தெடுக்க முடியாது. நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோய் பிள்ளைகளிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாலும் தப்பில்லை. பாதியில் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்.

2007-ல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு பதிவு எண் தருகிறது. படிவத்தில் அந்த எண் எங்கே என்று கேட்டு வாங்கிக்கொண்டால், அந்தப் பதிவேட்டின் இணையதளத்தில் போட்டு, யார் நடத்துகிறார்கள், எந்த மருத்துவமனைகளில் நடக்கிறது என்பதை மொபைலிலேயே காசில்லாமல் பார்த்துவிடலாம்.