புத்தாக்க மையங்கள் யாருக்காக? சிவகாசி தரும் பாடம்

புத்தாக்க மையம் என்றதும் கண்ணாடிச் சுவர் கட்டடமும் கணினியும் நினைவுக்கு வருகின்றன. அதன் சாரம் கட்டடத்தில் இல்லை. அறிவு, முதல், பொதுக் கருவிகள், சந்தைத் தொடர்பு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கிடைத்து, புதிதாக வருபவர் தோல்விக்கு அஞ்சாமல் முயன்று பார்க்க இயன்றால் அது புத்தாக்க மையம். ஒரே தொழிலைச் செய்வோர் ஓரிடத்தில் குவியும்போது அத்தொழிலின் நுட்பம் அவர்களுக்குள் எளிதாகப் பரவுகிறது என்பதைப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இலேயே விளக்கினார். அவ்வகையில், அரசு திட்டமிடாமலே உருவான புத்தாக்க மையம் சிவகாசி.

சிவகாசி உருவான விதம்

1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழை குறைந்த கரிசல் நிலத்தின் வறண்ட காற்று அத்தொழிலுக்கு உகந்ததாக இருந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதால் அச்சுத் தொழில் வளர்ந்தது. தீப்பெட்டிக்கான வேதிப்பொருள் அறிவு பட்டாசுக்கு வழி வகுத்தது. ஒரு தொழிலின் தேவை மற்றொரு தொழிலைப் பெற்றெடுப்பதே நல்ல மையத்தின் அடையாளம்.

இதற்குப் பின்னால் சமூக முதலீடும் இருந்தது. நாடார் சமூகத்தினர் தங்கள் வணிகத்திலிருந்து மகமை திரட்டி உறவின்முறை வழியே பள்ளிகளை நடத்தினர். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1880களில் தொடங்கியது. 1921இல் தூத்துக்குடியில் நிறுவப்பட்ட நாடார் வங்கியே இன்றைய தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி. கோயில் நுழைவு மறுக்கப்பட்டு, 1899இல் சிவகாசிக் கலவரத்தையும் எதிர்கொண்ட ஒரு சமூகம் பொதுநிதியால் எழுந்து நின்ற வரலாறு இது. கைத்தொழில் தீப்பெட்டிக்கு அரசு அளித்த கலால் வரிச் சலுகையும் பெரிய இயந்திர ஆலைகளின் போட்டியைத் தாங்க உதவியது.

அறிவு எங்கே நின்றது?

இந்த வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். உறவின்முறையின் நம்பிக்கையும் கடனும் அந்த வட்டத்துக்குள்ளேயே சுழன்றன. கருந்திரி வெட்டியும் மருந்து செலுத்தியும் தீப்பெட்டி ஒட்டியும் தொழிலைத் தாங்கிய கைகளில் கணிசமானவை சுற்றுக் கிராமங்களின் தலித் மக்களுடையவை. அவர்களில் பெண்கள் மிகுதி. பல தலைமுறைக் கைப்பழக்கம் அவர்களிடம் உண்டு. ஆனால் உரிமமும் கிடங்கும் வங்கிக் கடனும் அவர்களை எளிதில் எட்டவில்லை. அவர்களுடைய அறிவு துண்டுக் கூலியாகவே மதிப்பிடப்பட்டது. குழந்தைகளும் இந்த உழைப்பில் சிக்கியிருந்தனர். 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தைத் தொழிலாளரை அமர்த்திய ஒவ்வொரு முதலாளியும் குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கின் தொடக்கமே சிவகாசிதான்.

நிலைத்தன்மையின் சோதனை

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, பசுமைப் பட்டாசுகளை மட்டுமே அனுமதித்தது. நுண்துகள் வெளியேற்றத்தைக் குறைந்தது 30 சதவீதம் குறைக்கும் கலவைகளை நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. சிவகாசியை அடுத்த ஆனைக்குட்டத்தில் பட்டாசு ஆராய்ச்சி மேம்பாட்டு மையம் இருந்தும், ஒரு நூற்றாண்டை எட்டவிருந்த தொழில் தன் மீட்சிக்கு வெளியூர் ஆய்வகத்தை நம்ப நேர்ந்தது. விலை, வண்ணம், ஓசை ஆகியவற்றில் புதுமை செய்த தொழில், காற்றுக்கும் உயிருக்குமான புதுமையில் பின்தங்கியது.

உயிரிழப்புகளும் அதையே காட்டுகின்றன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் குறைந்தது 38 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பதை 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் வரையறுக்கின்றன. உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விடும்போது பொறுப்பு கைமாறிக் கரைந்து போகிறது. அவசரமும் ஆபத்தும் தொழிலாளியிடம் தங்கிவிடுகின்றன. தொழிலாளியின் உயிரைச் செலவுக் கணக்கில் சேர்க்காத மையம் நிலைத்த மையம் ஆகாது.

நாம் கேட்க வேண்டியவை

சென்னை ஐஐடி ஆய்வுப் பூங்காவில் இடம்பெறும் நிறுவனங்கள் வாடகை செலுத்துவதோடு கல்வி நிறுவனத்துடன் கூட்டு ஆய்விலும் ஈடுபட வேண்டும். நிலையான வருவாயும் தடையற்ற அறிவுப் பரிமாற்றமும் ஒரு மையத்தை வாழ வைக்கும் என்பதற்கு அது சான்று. நாம் சேர்க்கும் மூன்றாவது நிபந்தனை, திறந்த நுழைவாயில்.

அதற்கான சில கருவிகள் அரசிடம் உள்ளன. பட்டியலினத்தவர், பழங்குடியினர் புத்தொழில் நிதி 2022-23இல் 30 கோடி ரூபாயுடன் அறிவிக்கப்பட்டது. அது கடனாக அன்றிப் பங்கு முதலீடாக வருவதால் பிணைச் சொத்து இல்லாதவருக்கும் பயன்படும். 2023-24இல் அறிவிக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 சதவீத மூலதன மானியமும் (உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய்) 6 சதவீத வட்டி மானியமும் தருகிறது.

ஆனால் நிதி மட்டும் போதாது. மத்திய அரசு 2018இல் முன்னேற விழையும் மாவட்டங்களில் ஒன்றாகச் சேர்த்த விருதுநகரில், எந்தப் புத்தாக்க மையம் திறக்கப்பட்டாலும் செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் இவற்றைக் கேட்க வேண்டும்: அதன் ஆட்சிக் குழுவில் தொழிலாளர்களும் தலித் தொழில்முனைவோரும் உள்ளனரா? சோதனைக்கூடம் உரிமம் இல்லாதவருக்கும் திறந்திருக்கிறதா? பயிற்சி தமிழில், வேலை நேரத்துக்குப் பிறகு நடக்கிறதா? பாதுகாப்பான கலவை முறைக்கும் இயந்திரத்துக்கும் முதலிடம் உண்டா? பயனடைந்தோர் விவரம் சமூகவாரியாக ஆண்டுதோறும் வெளியிடப்படுகிறதா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் கீழ், அரசு நிதி பெறும் மையங்கள் பற்றி இவற்றை எழுத்தில் கேட்கலாம்.

ஒரு சமூகத்தின் மகமை ஒரு நகரத்தையே எழுப்ப முடிந்தது. வரி செலுத்தும் அனைவரின் பணத்தால் எழும் மையம், மருந்து அறையில் நிற்பவருக்கும் கதவைத் திறக்கக் கடமைப்பட்டுள்ளது.