வாரிசாட்டா பள்ளி

பொலிவியாவின் லா பாஸ் பகுதியில், டிட்டிகாக்கா ஏரியை அடுத்த பீடபூமியில் அய்மாரா மக்கள் தம் உழைப்பால் எழுப்பிய பள்ளி. 1931 ஆகஸ்ட் 2 அன்று தொடங்கியது.

அய்மாரா குடியானவர்கள் பலர் பண்ணைகளில் கூலியின்றி உழைத்த காலம் அது. அவர்களுடைய பிள்ளைகள் எழுத்தறிவு பெறுவதைப் பண்ணையார்கள் விரும்பவில்லை. அந்த எதிர்ப்புக்கு நடுவிலும் அவெலினோ சின்யானி என்ற அய்மாரா ஆசிரியர் தம் மக்களின் குழந்தைகளுக்குக் கற்பித்துவந்தார். கல்வியாளர் எலிசார்டோ பெரெஸ் அவருடன் கைகோத்ததும் வாரிசாட்டா உருவெடுத்தது.

ஊரார் மண்கல் அறுத்தார்கள், சுவர் எழுப்பினார்கள். ஆண்டிய மலைமக்களின் கூட்டு வாழ்வு முறையான 'ஐயு'வே பள்ளிக்கும் அடித்தளம். ஊர்ப் பெரியவர்கள் கூடிய 'அமௌத்தாக்கள் மன்றம்' நிர்வாகத்தைக் கவனித்தது. வகுப்பறையோடு வயலும் பட்டறையும் பாடமாயின. அய்மாராவும் ஸ்பானியமும் பயிற்றுமொழிகளாக இருந்தன.

1937இல் அரசு, பள்ளி தொடங்கிய ஆகஸ்ட் 2ஆம் நாளையே பழங்குடியினர் தினமாக அறிவித்தது. ஆனால் நிலவுடைமையாளர்களின் பகை ஓயவில்லை. 1940இல் அரசே இம்முயற்சியை முடக்கியது. மறுஆண்டு சின்யானி மறைந்தார்.

பொலிவியா 2010இல் இயற்றிய கல்விச் சட்டம் சின்யானி, பெரெஸ் இருவரின் பெயரையும் தாங்கியுள்ளது. பழங்குடி மொழிகளில் கற்பிப்பதற்கு அது சட்டப்படி இடமளிக்கிறது.