24 லட்சம் பேரைக் கேட்டும் பொய்த்த கணிப்பு

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். புள்ளியியலில் மாதிரி ஆய்வும் இதைத்தான் செய்கிறது. சரி, அந்த ஒரு பருக்கையை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இதற்கு ஓர் அளவுகோல் தந்தவர் போலந்து நாட்டுக் கணித அறிஞர் ஜெர்சி நெய்மன். 1934-ல் லண்டனில் ராயல் புள்ளியியல் கழகத்தில் படித்த கட்டுரையில் 'நம்பிக்கை இடைவெளி' என்ற கருத்தை அவர் விளக்கினார். கூட்டத்தில் இருந்த ஆர்தர் பௌலி, இது நம்பிக்கையா அல்லது நம்ப வைத்து ஏமாற்றும் வித்தையா என்று சந்தேகம் கிளப்பினாராம்!

நெய்மன் சொன்னது இதுதான். ஒரே முறையில் 100 தடவை மாதிரி எடுத்து 100 இடைவெளிகள் கணக்கிட்டால், அவற்றில் ஏறத்தாழ 95 இடைவெளிகளுக்குள் உண்மையான விகிதம் அகப்படும். 95% என்பது அந்த முறைக்கான உத்தரவாதம். கையில் இருக்கும் ஒரு இடைவெளிக்கானது அல்ல.

கணக்கு எளிது. விகிதத்தை, 1-லிருந்து அதைக் கழித்தால் வருவதோடு பெருக்கி, மாதிரியின் எண்ணிக்கையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 1.96-ஆல் பெருக்க வேண்டும். 1000 பேரிடம் கேட்டு 50% வந்தால், பிழை சுமார் ±3.1%.

இரண்டே வருடத்தில், 1936-ல், அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தது. 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. சுமார் 24 லட்சம் திரும்பி வந்தன. இரு பெரிய கட்சிகளின் வாக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் ரூஸ்வெல்ட்டுக்கு 43%, லாண்டனுக்கு 57%. இன்றைய சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், பிழை ±0.06% தான்! ஆனால் தேர்தலில் ரூஸ்வெல்ட் பெற்றது 62%-க்கும் மேல்.

எங்கே தப்பு? முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பொருளாதார மந்த காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள். அதிலும் நாலில் ஒருவர்தான் பதில் போட்டார். சுமார் 50 ஆயிரம் பேரை வைத்து ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். ஆனால் அவர் சொன்ன 56 சதவீதமும் ஆறு புள்ளி குறைவு. அவருடைய மாதிரியும் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டதல்ல. டைஜஸ்ட் 1938-ல் நின்றே போனது.

நம்பிக்கை இடைவெளி அளப்பது தற்செயலாக வரும் பிழையை மட்டுமே. ஒருபக்கச் சாய்வு அதன் கண்ணில் படாது. எண்ணிக்கை கூடக் கூட இடைவெளி சுருங்குமே தவிர, சாய்வு சரியாகாது. கிளறாத பானையில் மேலாக எத்தனை பருக்கை எடுத்தால் என்ன, அடியில் பிடித்தது தெரியுமா?

ஆகவே நண்பர்களே, அடுத்த கருத்துக்கணிப்பில் ±3% என்று பார்த்தால், எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்பதோடு, அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.