தும்மலுக்குக் காரணம் தேடிய மருத்துவர்

மாணவர்களே, ஒரு கேள்வி. இங்கிலாந்தில் கோடை பிறந்தால் பலருக்குத் தும்மல் வருகிறது. அப்படியானால் காரணம் வெயில்தானே? 'ஆமாம்'னு உடனே எழுதிவிடாதீர்கள். 1819இல் லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக், ஆண்டுதோறும் கோடையில் தமக்கே வந்த கண் அரிப்பையும் மூக்கொழுகலையும் மருத்துவச் சங்கத்தில் விவரித்தார். வெயில்தான் காரணம் என்பது அவர் எண்ணம். ஊராரோ புதிதாக அறுத்த புல்லைக் குற்றம்சாட்டினார்கள். 'வைக்கோல் காய்ச்சல்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். இத்தனைக்கும் அதில் காய்ச்சலும் கிடையாது!

மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லியும் இதே தொல்லையால் அவதிப்பட்டவர். வெப்பம், ஒளி, வாசனை, தூசு எனச் சந்தேகப்பட்ட ஒவ்வொன்றையும் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். கடைசியில் புல்லின் மகரந்தத்தூளுக்கு வந்தார். முன்கைத் தோலை லேசாகக் கீறி, ஈரமான மகரந்தத்தை வைத்தார். சில நிமிடங்களில் அரிப்பு; பிறகு அந்த இடமே தடித்துவிட்டது. பட்டம் பறக்கவிட்டு, வானத்தில் உயரத்திலும் மகரந்தம் மிதப்பதைக் காட்டினார். இவற்றையெல்லாம் 1873இல் நூலாக வெளியிட்டார்.

இங்கே காலவரிசையைக் கவனியுங்கள். கையில் தடிப்பு தெரிந்துவிட்டது. அது ஏன் தடிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 'அலர்ஜி' என்ற சொல்லையே 1906இல்தான் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே உருவாக்கினார். தடிப்புக்குப் பின்னால் இருக்கும் ஐ.ஜி.ஈ. எதிர்ப்பொருள் 1960களில்தான் பிடிபட்டது. சோதனைக்கும் விளக்கத்துக்கும் நடுவே ஏறக்குறைய நூறு ஆண்டு! விளக்கம் கிடைத்த பிறகே சோதனை பிறந்தது என்று எழுதினால் வரலாறே தலைகீழாகிவிடும்.

இன்றைய தோல் குத்துச் சோதனை பிளாக்லி செய்ததன் நாகரிகமான வடிவம்தான். முன்கையில் ஒவ்வாமைப் பொருளின் சொட்டு, மேல்தோலில் சிறு குத்து, சுமார் 15 நிமிடக் காத்திருப்பு. ஒப்பிட்டுப் பார்க்க, தடிக்கவேண்டிய ஹிஸ்டமின் ஒரு சொட்டு, தடிக்கக்கூடாத உப்புக்கரைசல் ஒரு சொட்டு. உப்புக்கரைசலைவிடக் குறைந்தது 3 மில்லிமீட்டர் பெரிய தடிப்பு வந்தால் 'உண்டு' என்பார்கள். தும்மல் மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் போனால் முடிவு பொய்த்துவிடும். எத்தனை நாள் நிறுத்தவேண்டும் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்ம பக்கம் புல்லுக்கென்று தனிப் பருவம் ஏது? இங்கே பெரும்பாலும் கையைத் தடிக்கவைப்பது, மெத்தையிலும் தலையணையிலும் குடியிருக்கும் தூசுப்பூச்சி. பூனைக்கான சொட்டு தடித்ததற்காக மட்டும் வீட்டுப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. பூனை பக்கத்தில் வந்தால் தும்மல் வருதா என்பதையும் மருத்துவர் கேட்பார்.