நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன மனவருத்தம்? சிறு பிள்ளைகளுக்கான தீவிர உளநலச் சிகிச்சையைத் தேடிச் செல்வோருக்கு

முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த அந்தத் தாய் எட்டு மாதங்களாகக் கேட்டு அலுத்த கேள்வி இது. மகன் முன்பள்ளியில் மற்றப் பிள்ளைகளைக் கடிக்கிறான். கோபம் வந்தால் தலையை நிலத்தில் மோதுகிறான். இரவில் நாலைந்து தடவை அலறிக்கொண்டு எழும்புகிறான். கண்ணூறு கழித்தார்கள், நூல் கட்டினார்கள், கோயிலுக்கு நேர்த்தி வைத்தார்கள். முன்பள்ளியில் "கொஞ்ச நாள் வீட்டில வைச்சிருங்கோ" என்றார்கள். வைத்தியசாலைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன். "விசர் எண்டு துண்டில எழுதிப்போட்டால் பிறகு பள்ளிக்கூடத்திலயும் சேர்க்கமாட்டினம் எண்டு பயந்தன்" என்றார்.

அவருக்கு வயது 33. இறுதிப் போரில் தகப்பனையும் தம்பியையும் இழந்தவர். வன்னிப் பாடசாலைப் பிள்ளைகள் 420 பேரிடம் போர்நிறுத்த காலத்தில் எடுக்கப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று, அவர்களில் 92 சதவீதமானோர் குண்டுவீச்சு, எறிகணை, உறவினரின் மரணம் போன்ற கொடிய அனுபவங்களுக்கு உட்பட்டிருந்ததாகவும், நாலில் ஒருவருக்கு நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் இருந்ததாகவும் கூறியது. அந்தத் தலைமுறையினர்தான் இன்று முன்பள்ளி வாசலில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நிற்கிற அம்மாக்களும் அப்பாக்களும். 2009இற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு எறிகணைச் சத்தம் தெரியாது. ஆனால் வெடிச் சத்தம் கேட்டவுடன் தன் கையைப் பிடித்திருக்கிற அம்மாவின் கை இறுகுவது தெரியும்.

இதைச் சொல்லும்போதே ஒன்றையும் தெளிவாகச் சொல்லவேண்டும். ஓட்டிசமோ அதீத துடியாட்டமோ தாயின் துக்கத்தால் வருவதில்லை. போரே பாராத நாடுகளிலும் அவை உண்டு. பிள்ளையின் கோளாறுக்குத் தாயைக் குற்றவாளியாக்குவது எங்கள் ஊர்களில் மிக இலகுவாக நடக்கிறது.

'தீவிர சிகிச்சை' என்றதும் பூட்டிய விடுதியும் தூங்கவைக்கும் குளிசையும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் அது அநேகமாக அப்படி இல்லை. இந்த வயதில் பிள்ளையைத் தனியே எடுத்துச் சிகிச்சை செய்ய முடியாது. பிள்ளையும் வளர்ப்பவரும் சேர்ந்தே சிகிச்சைக்குரியவர்கள். தீவிரம் என்பது அடிக்கடி சந்திப்பதையும் நீண்ட காலம் தொடர்வதையும் குறிக்கும். சான் பிரான்சிஸ்கோவில் அலிசியா லீபர்மன் குழுவினர் வளர்த்தெடுத்த தாய்-சேய் உளச்சிகிச்சையில் இருவரும் வாரம் ஒரு தடவை, ஏறக்குறைய ஒரு வருடம் சிகிச்சையாளரைச் சந்திக்கிறார்கள். குடும்ப வன்முறையைக் கண்ட மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2005இல் வெளியானது. அதில் பிள்ளையின் நடத்தைப் பிரச்சினைகளோடு தாயின் மனவடு அறிகுறிகளும் குறைந்திருந்தன. இன்னொரு முறையில் தாய் பிள்ளையோடு விளையாடும்போது, சிகிச்சையாளர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து தாயின் காதுக்குள் சொல்லிக்கொடுக்கிறார்.

இதே பெயர்களில் இவை எங்கள் வைத்தியசாலைகளில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம். அடிப்படை ஒன்றுதான். கிளினிக்கில் கிடைக்கும் அரை மணித்தியாலத்தை விட, அங்கே கற்றதை வீட்டில் ஒவ்வொரு நாளும் செய்வதே பெரிய பங்கு. அதனால் தாய் நித்திரையில்லாமல், அழுதுகொண்டு, சாப்பிடாமல் இருந்தால் அவருக்கும் சிகிச்சை வேண்டும். தகப்பன் குடித்துவிட்டு அடிக்கிற வீட்டில் பிள்ளைக்கு மட்டும் வைத்தியம் செய்து பலனில்லை.

எங்கே தொடங்குவது?

உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில். பிள்ளை பிறந்தபோது தந்த கிளினிக் கொப்பியை எறிந்துவிடாதீர்கள். எப்போது நடந்தது, எப்போது கதைத்தது, நிறை எப்படிக் கூடியது என்பதெல்லாம் வைத்தியருக்கு வேண்டும். அங்கிருந்து பிள்ளை நல வைத்திய நிபுணருக்கும், தேவையானால் உளநலப் பிரிவுக்கும் கடிதம் தருவார்கள். வடக்கில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும், கிழக்கில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இயங்குகின்றன. அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. அனுமதிக்க நேர்ந்தாலும், இந்த வயதுப் பிள்ளையைப் பெரும்பாலும் சிறுவர் விடுதியில் தாயோடுதான் வைத்திருப்பார்கள்.

முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். காது கேளாத பிள்ளை 'சொல்வழி கேளாத' பிள்ளையாகத் தெரியும். சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீள்வது வலிப்பாகவும் இருக்கலாம். வைத்தியரின் முன்னால் பிள்ளை சாதுவாக இருந்துவிடுவதும் உண்டு. வீட்டில் நடப்பதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். இரண்டு கிழமைக்கு எத்தனை மணிக்கு, எதற்குப் பிறகு குழப்பம் வருகிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்தத் தாய் எழுதிய கொப்பியில்தான், தகப்பன் வேலையால் வரும் நேரத்தை ஒட்டியே மகனின் அலறல் கூடுவது தெரியவந்தது.

சிறுவர் உளநல வைத்திய நிபுணர்கள் நாட்டில் மிகக் குறைவு. அதனால் சிலரைக் கொழும்பு பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். இரவு பஸ் எடுக்க முன்னர் கடிதத்தையும் கிளினிக் நாளையும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மொழி பெரிய தடை. தமிழ் தெரிந்த வைத்தியரோ தாதியோ இருக்கிறாரா என்று கேட்கத் தயங்கவேண்டாம். இல்லையென்றால் சிங்களம் தெரிந்த வளர்ந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். 'சுகமில்லை' என்ற ஒரு சொல்லாக எல்லாம் சுருங்கிப்போனால் போன பயணம் வீண். திரும்பும்போது, கிட்டிய வைத்தியசாலையில் யார் தொடர்ந்து பார்ப்பார், அவருக்குக் கடிதம் உண்டா என்று கேட்டுவிட்டே வாருங்கள்.

மருந்து கூடவே கூடாது என்பதல்ல. இந்த வயதில் அது பெரும்பாலும் முதல் தெரிவு அல்ல. தந்தால் எதற்கு, எவ்வளவு காலம், என்ன பக்கவிளைவு என்று கேட்பது உங்கள் உரிமை. தந்த மருந்தை, முக்கியமாக வலிப்பு மருந்தை, நீங்களாகத் திடீரென நிறுத்தவேண்டாம். மூன்று மாதத்தில் முற்றாகக் குணப்படுத்துவோம் என்று பணம் கேட்பவர்களையும், பெற்றோரை உள்ளே விடாத நிலையங்களையும் நான் நம்பமாட்டேன்.

சில விடயங்களில் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக்கூடாது. கதைத்துக்கொண்டிருந்த பிள்ளை சொற்களை இழப்பது, சாப்பிடாமல் நிறை குறைவது, காயம் வருமளவுக்குத் தன்னைத் தாக்குவது, உங்களுக்கே பிள்ளையை அடித்துக் கொன்றுவிடுவேனோ என்று பயம் வருவது: இவற்றுக்கு உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். யாராவது பிள்ளையைத் துன்புறுத்துகிறார்கள் என்று சந்தேகித்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929.

அந்தத் தாய் இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை மகனோடு கிளினிக்குக்குப் போகிறார். இரண்டு பஸ் மாறவேண்டும். அன்றைய கூலி இல்லை. மூன்றாவது தடவை கணவரும் போனார். துண்டில் 'விசர்' என்று யாரும் எழுதவில்லை. மகன் இன்னும் கடிக்கிறான், முன்னரைவிடக் குறைவாக. இரவில் ஒருமுறைதான் எழும்புகிறான்.